ஐந்தால் வகுக்கப்பட்ட வீடு

நான் எதிர்வீட்டுக்குள் குடியிருக்கிறேன் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குக் கிடைத்தது. வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் கையில் ஒரு காகிதத்தோடு தெருவைக் கடந்து வந்தார். என்னை ஒரு பார்வை, என் வீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்க வீட்டு ஹால்ல நின்னு பல் தேய்க்கிறீங்களாம்.”

வாயில் நுரை இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கொப்பளித்துத் துப்பினேன். துப்பிய பிறகுதான், அது அவர் ஹாலாக இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று தோன்றியது.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். நகர வரைபடத் துறை அனுப்பியிருந்தது. பூட்டுக்காரர் வீடு அதன் பின்சுவரில் தொடங்கி, தெருவைக் கடந்து, என் வீட்டையும் விழுங்கி, எனக்குப் பின்னால் இருக்கும் சந்தையும் தாண்டி ஐம்பது மீட்டர் நீண்டு கிடப்பதாகப் படத்தில் தெரிகிறதாம். அவருக்கு உரியது பத்து மீட்டர். மீதி நாற்பதையும் அவரே இடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துறையே வந்து, தெருப்பக்கச் சுவரிலிருந்து இடிக்கத் தொடங்கும்.

“தெருப்பக்கச் சுவர்னா அக்கா ரூமு” என்றார் பூட்டுக்காரர். திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அவருடைய அக்காவை எங்கள் தெருவில் ஜன்னலக்கா என்றுதான் சொல்வோம். முதுகுத்தண்டு நோவு வந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து முன்னறைக் கட்டிலில் படுத்திருக்கிறார். கட்டிலை ஒட்டி ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத் தெருவையே அவர்தான் நடத்துகிறார் என்று சொன்னால் மிகையில்லை. யார் வீட்டுக் கேஸ் அடுப்பு அணையவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மூலையில் நிற்கிறது, தபால்காரர் என்னைத் தேடி வந்து திரும்பிப் போனாரா, எல்லாம் அவருக்குத் தெரியும். என் மனைவி கடைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டுவதில்லை. “அக்கா, பாத்துக்கோங்க” என்று ஜன்னலைப் பார்த்து ஒரு சத்தம், அவ்வளவுதான். பூட்டுக்காரர் வீட்டுக்கு எதிரே இருந்துகொண்டு பூட்டு வாங்காமல் காலம் தள்ளும் ஒரே குடும்பம் நாங்கள்.

“என்னடா சொல்றாங்க? என் ஜன்னல் இருக்கா?” என்று அக்கா அங்கிருந்தே கேட்டார்.

“இருக்குக்கா. ஏதோ கணக்குல தப்பு. போய்ச் சொன்னா சரியாயிடும்” என்றார் தம்பி. அந்த வார்த்தையை அவர் முழுதாக நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவனுக்கு உலகத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம். போதாக்குறைக்கு அவர் வீட்டு ஹாலில் நான் வேறு குடியிருந்தேன். போகாமல் முடியுமா?

நகர வரைபடத் துறையின் வாசலில், உள்ளே நுழைகிறவர்களின் வசதிக்காக அந்தக் கட்டடத்தின் படத்தையே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். படத்தில் மாடிப்படி இடப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் போனோம். அங்கே சுவர் இருந்தது. சுவரில் தோள் உயரத்துக்கு அழுக்குக் கைத்தடங்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் படத்தை நம்பியிருக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த ஊழியர் ஒருவரும் நேராக அந்தச் சுவர்வரை போய், அதைத் தொட்டுவிட்டு, திரும்பி வலப்பக்கப் படியில் ஏறினார்.

“ஏன் சார் இப்படி?” என்று கேட்டேன்.

“படத்துல அப்படித்தானே இருக்கு” என்றார், என்னை ஒரு மாதிரி பார்த்து.

அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

மாடியில் இரண்டு பெரிய அறைகள். ஒன்றில் வீடுகளைத் தனித்தனியாக வரைகிறார்கள். அங்கே ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். இன்னொன்றில் நகரம் முழுவதையும் வரைகிறார்கள். அங்கே ஐந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். ஆகவே முதல் அறையிலிருந்து இரண்டாம் அறைக்குப் போகிற எந்த அளவையும் ஐந்தால் வகுக்க வேண்டும். பத்து மீட்டர் வீடு முதல் படத்தில் பத்து சென்டிமீட்டர், இரண்டாம் படத்தில் இரண்டு சென்டிமீட்டர். சின்ன வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. அதற்காக இரண்டு அறைகளுக்கும் நடுவில் விகிதப் பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தி, நீளமான ஒரு மேசை போட்டு, மூன்று பேரை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் அளவை வாசிப்பார். ஒருவர் வகுப்பார். ஒருவர் “சரி” என்பார்.

விகிதப் பிரிவின் அலுவலர் எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். குறையை மறைக்கவில்லை.

“உங்க வீட்டு அளவு வந்த அன்னிக்கு வகுக்கறவர் லீவு. வாசிக்கறவர் பத்துன்னு வாசிச்சாரு. சரி சொல்றவர் சரின்னுட்டாரு. பத்து பத்துதானே, அவரக் குத்தம் சொல்ல முடியாது.”

“அப்ப நகரப் படத்துல பத்து சென்டிமீட்டர்னு போட்டுட்டீங்க. அதனாலதான் அம்பது மீட்டரா நிக்குது” என்றேன்.

“கரெக்ட்.”

“அப்ப தப்பு உங்களோடது.”

“தப்புன்னு சொல்ல மாட்டோம். வகுபடாத அளவுன்னு சொல்லுவோம்.”

பூட்டுக்காரர் கை கூப்பினார். “சார், ஒரு நடை வந்து பாத்துட்டீங்கன்னா தெரிஞ்சிடும். பஸ்ல அரை மணி நேரம்.”

அந்த மேசையில் இருந்த மூவரும் தலையைத் தூக்கினார்கள். நாங்கள் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போலிருந்தது.

“வந்து பாக்கறதா? யாரு?” என்றார் அலுவலர். பிறகு குரலைத் தணித்து, “மனு குடுங்க. பண்ணிடலாம்” என்றார்.

மனு கொடுத்தோம். எங்கள் கண்ணெதிரே பத்தை ஐந்தால் வகுத்தார்கள். ஒருவர் வாசித்தார், ஒருவர் வகுத்தார், ஒருவர் சரி என்றார். இரண்டு வந்தது. பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “நான்தான் வீணா பயந்துட்டேன் அண்ணே. நல்ல மனுஷங்க” என்றார்.

நல்ல மனுஷங்கள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு அளவு வகுபடாமல் போய்விட்டதே என்று துறையின் இயக்குநர் மிகவும் வருந்தியிருக்கிறார். இனி அப்படி நடக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். விகிதப் பிரிவின் மேசையைக் கடக்கும் எந்த அளவும், எந்தப் பக்கமிருந்து வந்தாலும், எதற்காக வந்தாலும், ஐந்தால் வகுபடாமல் கடக்கக் கூடாது. எங்கள் மனுவின் கெட்ட நேரம், திருத்திய இரண்டு சென்டிமீட்டர் நகரப் பட அறைக்குப் போவதற்காக மறுநாள் அதே மேசையைக் கடந்தது. ஒருவர் வாசித்தார், ஒருவர் வகுத்தார், ஒருவர் சரி என்றார்.

அடுத்து வந்த காகிதத்தில் பூட்டுக்காரர் வீட்டின் நீளம் இரண்டு மீட்டர் என்று இருந்தது.

“பரவாயில்ல, நான் உங்க ஹால்லேருந்து வெளிய வந்துட்டேன்” என்று சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தின்படி பின்சுவரிலிருந்து இரண்டு மீட்டர்தான் அவருடையது. அதில் கழிப்பறையும் அடுப்படியில் பாதியும் அடங்கும். மீதி எட்டு மீட்டரும் ஆக்கிரமிப்பு. இடிப்பு, வழக்கம்போல, தெருப்பக்கச் சுவரிலிருந்து.

அக்கா காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். “என் கட்டிலே ஆறடிடா. கட்டிலப் போட்டா வீடு முடிஞ்சுது. நீ எங்க நிப்ப?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கள் வாசலிலிருந்து நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். மனசே சரியில்லை.

மறுபடி போனோம். இடப்பக்கம் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டு வலப்பக்கம் ஏறினோம். எங்களுக்கும் பழகிவிட்டது.

“ரெண்டு தடவ வகுத்துட்டீங்க சார். ஒரு தடவ அஞ்சால பெருக்கிட்டீங்கன்னா சரியாயிடும்” என்றேன்.

விகித அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கணக்கு எனக்கும் தெரியும். நான் கணக்குல மெடல் வாங்கினவன். ஆனா பெருக்கறதுக்கு இங்க அதிகாரம் இல்ல. பெருக்கல் பிரிவுன்னு தனியா ஒண்ணு வேணும். கேட்டு எழுதியிருக்கோம். மூணு பேர், ஒரு மேசை. மேசை வந்துடுச்சு.” மூலையில் தாள் சுற்றிய ஒரு மேசையைக் காட்டினார். அதன் மேல் பூந்தொட்டி இருந்தது.

“அப்ப நாங்க என்ன பண்ணறது?”

“ஆட்சேபணை மனு குடுங்க. மனு விசாரணையில இருக்கற வரைக்கும் இடிக்க மாட்டாங்க.”

“மனு இந்த மேசையத் தாண்டித்தானே போகணும்?” என்றார் பூட்டுக்காரர்.

“வேற வழி இல்லையே” என்றார் அலுவலர், நிஜமான வருத்தத்தோடு. எங்கள் மனுவை வாங்கி, இணைத்திருந்த படத்தைப் பிரித்தார். ஒருவர் வாசித்தார். நான், வேண்டாம் சார், இதை மட்டும் வகுக்காதீர்கள் என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் வகுத்தார். ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே சரி என்றார். படத்தில் வீடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தரையில் கணக்குப் போட்டால் நாற்பது சென்டிமீட்டர். என் கடைக் கண்ணாடிப் பெட்டியே அதைவிட நீளம்.

மனு கொடுத்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. இயக்குநர் எங்களை நேரில் அழைத்தார்.

மேல்மாடியில் இருந்த அவர் அறையில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் படங்கள் வெளுத்துவிடுமாம். நடுப்பகலில் மேசை விளக்கு எரிந்தது. இயக்குநர் எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு தப்புப் பண்ணினேன். நேர்ல போய் ஒரு கட்டடத்தப் பாத்துட்டேன். படத்துல நேரா இருக்கற சுவர் அங்க வளைஞ்சு நிக்குது. கதவு இருக்கற எடத்துல ஒரு அம்மா துணி காயப்போடறாங்க. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. அன்னிக்கு முடிவு பண்ணினேன், நம்ம ஆளுங்களுக்கு இந்த நெலம வரக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் இந்தத் துறையில யாரும் வெளிய போய் அளந்ததில்ல. வெயில்ல அளவுநாடா நீளும். மழையில சுருங்கும். சுவர் இன்னிக்கு நிக்கும், நாளைக்கு விழும். அத நம்பி ஒரு நகரத்த நடத்த முடியுமா? படத்துலேருந்து படம் எடுக்கறோம். அதுலேருந்து இன்னொரு படம். தலைமுறை தலைமுறையா சுத்தமா வந்துட்டிருக்கு. நடுவுல உங்க வீட்டக் கொண்டுவந்து நுழைக்காதீங்க.”

பூட்டுக்காரர் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “சார், நான் சாவி போடறவன். ஒரு சாவியப் பாத்து இன்னொரு சாவி செய்வேன். கடைசியில பூட்டுல போட்டுத் திருப்பிப் பாப்பேன். நீங்க எதுல போட்டுப் பாப்பீங்க?”

“இன்னொரு படத்துல” என்றார் இயக்குநர்.

பூட்டுக்காரர் எழுந்து, வயதில் தன்னைவிடச் சின்னவரான அந்த மனிதரின் காலில் விழப்போனார். நான் பிடித்துக்கொண்டேன். “எங்க அக்கா அந்த ஜன்னல் வழியாத்தான் சார் உசுரோட இருக்கு. அந்த ஒரு சுவர மட்டும் விட்டுடுங்க. மிச்ச வீட்ட எடுத்துக்கோங்க.”

இயக்குநரின் முகம் இளகியது. கண்கூட லேசாகக் கலங்கியது. “சரி. உங்க கோப்ப நானே சிறப்புப் பரிந்துரையோட கீழ அனுப்பறேன்” என்றார்.

கீழே என்றால் எங்கே? விகிதப் பிரிவுக்கு. நாங்கள் படியில் இறங்கி, அந்த மேசையைத் தாண்டி ஓடிவிடலாம் என்று பார்ப்பதற்குள் கோப்பு எங்களை முந்திக்கொண்டது. ஒருவர் வாசித்தார்.

ஆனால் இந்தத் தடவை மேசையில் ஒரு குழப்பம். வகுத்து வந்த அளவு, அவர்கள் கோடு போடும் பேனாவின் முனையைவிடச் சின்னதாக இருந்தது. மூவரும் கூடிப் பேசினார்கள். அலுவலர் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். என் தொழில் அல்லவா, நானே அதைத் துடைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி, முகமெல்லாம் மலர எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துகள் சார். கோட்டு அகலத்தவிட சின்னதா இருக்கறத வரையறதில்ல. உங்க வீடு படத்துலயே இல்ல. இல்லாத வீட்ட எப்படி இடிக்கறது? இடிப்பு ரத்து.”

வெளியே வந்து தெருவில் நின்று இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த பூட்டுக்காரர் திடீரென்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். வீட்டுக்குப் போனதும், “உன் ஜன்னலுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா” என்று சத்தமாகச் சொன்னார். அக்கா கட்டிலில் இருந்தபடியே கைதட்டினார்.

அந்தக் கைதட்டலோடு கதையை முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி. நடந்தது வேறு.

ஒரு மத்தியானம் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. உட்கார வைத்துக் கொண்டுபோகிற நிலையில் இல்லை. பூட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால், சத்தம் கேட்டு ஓடிப்போயிருந்த எனக்கும் என் மனைவிக்கும் கேட்டது.

“சார், நீங்க சொல்ற எடத்துல படத்துல ஒண்ணும் இல்லையே.”

“இருக்கும்மா. நான் உள்ள நின்னுதான் பேசறேன்.”

“எதிர்ல ஒரு வீடு காட்டுது. அதுக்கு அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க. சீக்கிரம் அனுப்புங்க” என்று கத்தினேன். நான் கத்தி என் மனைவியே கேட்டதில்லை.

போர்வையின் தலைப்பக்கத்தைப் பூட்டுக்காரரும் கால்பக்கத்தை நானும் என் மனைவியும் பிடித்துக்கொண்டு, அக்காவைத் தூக்கித் தெருவைக் கடந்தோம். வண்டி வந்தபோது அவர் எங்கள் வாசலில் இருந்தார். வண்டிக்காரர் எங்களை எண்ணிப் பார்த்து, “இவங்க யாரு? இந்த வீடா?” என்று கேட்டார்.

“எங்க வீட்டு ஆளுதான். ஏத்துங்க” என்றாள் என் மனைவி. பிறகு பூட்டுக்காரரிடம், “அன்னிக்கு நாங்க உங்க வீட்ல இருந்தோம்ல. இப்ப நீங்க எங்க வீட்ல இருங்க” என்றாள்.

அக்கா பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார். திரும்பிக் கொண்டுவந்து விடும்போதும் வண்டி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எழுதிக்கொடுத்த முகவரி அதுதானே. அக்காவின் கட்டிலைத் தட்டிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று தம்பி எதிரே போனார். அதுவரை எங்கள் முன்னறைச் சோபாவில் அக்காவைச் சாய்த்து வைத்தோம். எங்கள் ஜன்னல் வழியாக அவர் வெளியே பார்த்தார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் தன் வீட்டை வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வண்டியில் ஏற்றும்போது அவருக்கு நினைவே இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பச்சை பெயின்ட் அடிச்சிருக்கான், எனக்குத் தெரியவே தெரியாது” என்றார். சற்றுக் கழித்து, “யாராவது ஒருத்தர் வந்து பாத்திருக்கலாம்” என்றார்.

அப்போது ஒரு சின்ன லாரி வந்து நின்றது. நகர வரைபடத் துறையின் காலி இடப் பிரிவிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். படத்தில் ஒன்றும் இல்லாத இடம் காலி இடம். காலி இடத்துக்குப் பலகை வைக்க வேண்டும். இருவரும் பூட்டுக்காரர் வீட்டின் முன் நின்று, கையிலிருந்த படத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு கதவைத் தட்டினார்கள்.

“சார், இந்தக் காலி இடத்துல போர்டு மாட்டணும். எட்டல. உள்ள ஸ்டூல் எதாவது இருக்குங்களா?”

பூட்டுக்காரர் வாசற்படியில் அசையாமல் நின்றார். அவர் கை முஷ்டியானதை நான் பார்த்தேன். நான் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினேன்.

“குடுடா” என்று எங்கள் ஜன்னலிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். மூச்சு வாங்கியது. “அவங்க என்ன பண்ணுவாங்க, சொன்னதச் செய்யறவங்க. என் கட்டில் பக்கத்துல இருக்கறதக் குடு. ஒரு கால் ஆடும், பாத்து ஏறச் சொல்லு.”

ஸ்டூல் வந்தது. ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பலகை பெரியது. அந்தப் பலகையின் அளவு மட்டும் எந்த மேசையையும் கடக்காமல் வந்திருக்க வேண்டும். ‘காலி இடம். இங்கே எவரும் குடியிருக்கக் கூடாது’ என்று எழுதியிருந்ததைச் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினார்கள். பச்சை ஜன்னல் முழுவதும் அதற்குப் பின்னால் போய்விட்டது.

ஸ்டூலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பூட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நின்றார். எங்கள் யாருக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“உள்ள இருட்டா இருக்கும்டா. லைட்டப் போட்டு வை” என்றார் அக்கா. “வந்துடறேன்.”

நானும் என் மனைவியும் போர்வையை விரித்தோம்.